அறிவு மூளையில் பிறக்கிறதா? – ஆழ்வார் காட்டும் ஆத்ம ஸ்வரூபம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழியில் எட்டாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழி ஜீவாத்மாவின் பெருமையைப் பேசுவது. எம்பெருமான் தம்மோடு வந்து கலந்த மேன்மையைக் கண்ட ஆழ்வார், முன்பு முதற்பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியில் தம் தாழ்மையை நினைத்து அகல நினைத்தாற்போலே இங்கும் அகன்றுவிடக் கூடும் என்று அவன் திருவுள்ளம் பற்றினான். அதற்குப் பரிஹாரமாக, அவர் தாழ்வாக எண்ணும் அந்த ஆத்மவஸ்து தனக்கு அடிமையாயிருப்பதனால் எத்தனை ஏற்றமுடையது என்பதை அவருக்குக் காட்டிக்கொடுத்தான். பூர்வாசார்யர்கள் இத்திருவாய்மொழிக்குக் காட்டும் அவதாரிகையின் கருத்து இது.

இதனைக் காலக்ஷேபமாகக் கேட்கும் இக்காலத்தவர் பலருக்கு ஒரு கேள்வி எழுகிறது. ஆத்மா என்று தனியே ஒன்று உண்டா? அறிதல், நினைத்தல், அன்பு செய்தல் ஆகிய யாவும் மூளையின் தொழிலே என்று மருத்துவம் காட்டிவிடவில்லையா? மூளை அழிந்தால் அறிவும் அழியும் என்றால், ஆழ்வார் பேசும் அந்த வஸ்துவுக்கு இடம் எங்கே?

இது வெறும் வாதத்துக்கான கேள்வியன்று. அறுபது எழுபது ஆண்டுகள் நாள்தோறும் நாலாயிரத்தை அநுஸந்தித்த பெரியவர் ஒருவர் மறதிநோயால் பீடிக்கப்படுகிறார். முதலில் பெயர்கள் நழுவுகின்றன. பிறகு பாசுரங்கள் நழுவுகின்றன. ஒருநாள் பெற்ற மகளையே யார் என்று கேட்கிறார். அப்போது அந்தப் பிள்ளைகள் கேட்பது இதுதான்: எங்கள் தகப்பனார் இன்னும் இருக்கிறாரா? அவருடைய பக்தி மூளையில் இருந்த ஒரு பதிவுதானா? கடைசி வேளையில் எம்பெருமானை நினைக்க முடியாதவருக்குக் கதி என்ன? இக்கேள்விகளுக்கு நம் ஸம்ப்ரதாயம் தரும் விடையை, பூர்வபக்ஷத்திலிருந்து தொடங்கி முறையாகப் பார்ப்போம்.

1. இக்காலத்துப் பூர்வபக்ஷம்

எதிர்வாதியின் பக்ஷத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்பே அதனைப் பரிசீலிப்பது நம் ஆசார்யர்களின் மரபு. நாமும் அவ்வண்ணமே செய்வோம்.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகர மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்பவர் ஈதர் என்னும் திரவத்தின் ஆவியை முகரச் செய்து, நோயாளிக்கு வலி தெரியாதபடி அறுவைச் சிகிச்சை நடக்க உதவினார். அன்று முதல் இன்றுவரை கோடிக்கணக்கானோர் மருந்தினால் உணர்வு நீங்கி, மருந்து தெளிந்தபின் உணர்வு பெற்று எழுந்திருக்கின்றனர். உணர்வு ஒரு ஜடப் பொருளால் அணையவும், அப்பொருள் விலகியதும் மீண்டும் ஒளிரவும் கூடியதாயிருக்கிறது.

1848-ஆம் ஆண்டு செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், இரயில் பாதைக்காகப் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்த குழுவின் தலைவரான ஃபினியஸ் கேஜ் என்பவரின் தலையில் ஓர் இரும்புக் கம்பி பாய்ந்தது. அது இடக் கன்னத்தின் வழியே புகுந்து, மூளையின் முன்பகுதியைத் துளைத்து, உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் பிழைத்துக்கொண்டார், 1860 வரை வாழ்ந்தார். ஆனால் நிதானமும் பொறுப்பும் மிக்கவராயிருந்தவர் விபத்துக்குப் பின் பொறுமையற்றவராகவும் நாவடக்கமில்லாதவராகவும் மாறினார் என்று அவருக்கு வைத்தியம் செய்த ஹார்லோ எழுதிவைத்தார். குணம் என்று நாம் சொல்வதும் மூளையைச் சார்ந்தே இருக்கிறது போலும்.

1953-இல் ஹென்றி மொலேசன் என்னும் 27 வயது இளைஞருக்கு, வலிப்புநோயைத் தணிப்பதற்காக, மூளையின் இருபுறத்தும் உட்பகுதியில் சிறிதளவு அகற்றப்பட்டது. அதன்பின் 2008-இல் தம் 82-ஆம் வயதில் மறையும் வரை அவரால் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவில் நிறுத்த இயலவில்லை. சற்றுமுன் பேசியவரை மீண்டும் கண்டால் முதன்முறை காண்பவர்போலப் பேசினார். நினைவும் மூளையைச் சார்ந்ததே என்பது இதனால் தெளிவாகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பூர்வபக்ஷி சொல்வது: மூளை உள்ளபோது அறிவு உண்டு, மூளை கெட்டால் அறிவு கெடும், மூளையின் எப்பகுதி கெடுகிறதோ அதற்கேற்ற அறிவே கெடும். ஆகவே அறிவு மூளையின் விளைவே. வேறொரு ஆத்மாவைக் கற்பிக்க வேண்டியதில்லை.

2. பழைய பூர்வபக்ஷம்

இந்த வாதம் நம் ஆசார்யர்களுக்குப் புதியதன்று. சார்வாகர், லோகாயதர் என்று பெயர்பெற்றோர் இதனையே வேறு சொற்களால் சொன்னார்கள். வெற்றிலையிலும் பாக்கிலும் சுண்ணாம்பிலும் தனித்தனியே இல்லாத சிவப்பு, மூன்றும் சேர்ந்து மெல்லப்படும்போது தோன்றுகிறது. அதுபோல் நிலம், நீர், தீ, காற்று ஆகிய பூதங்கள் உடலாகச் சேரும்போது அறிவு தோன்றுகிறது என்பது அவர்கள் கூற்று. பூதங்களின் இடத்தில் நரம்பணுக்களை வைத்தால் அதுவே இன்றைய வாதமாகும்.

ஆளவந்தார் தம் ஆத்மஸித்தியில் இதனை விரிவாக எடுத்து மறுக்கிறார். ஸ்வாமி தேசிகனும் பரமதபங்கத்தில் லோகாயத மதத்துக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். ஆளவந்தாரின் விசாரத்தில் இன்றைக்கும் கூர்மை மழுங்காத ஒரு கருத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். உடலின் குணங்களான நிறம், பருமன் முதலானவை அவ்வுடலுக்கு உரியவனுக்கும் பிறருக்கும் ஒருங்கே புலப்படுவன. வெற்றிலைச் சிவப்பை மென்றவனும் கண்ணாடியில் காணலாம். எதிரில் நிற்பவனும் காணலாம். ஆனால் ஒருவனுடைய இன்பமும் துன்பமும் அறிவும் அவனுக்கு மட்டுமே 'நான்' என்னும் உணர்வோடு விளங்குகின்றன. எதிரில் நிற்பவன் அவற்றை முகக்குறியால் ஊகிக்கலாமே தவிர நேரே காண இயலாது. ஆகவே உடலின் மற்றைக் குணங்களோடு அறிவையும் ஒரு வரிசையில் வைப்பது பொருந்தாது.

வெற்றிலைச் சிவப்பு என்னும் உவமை இங்கேதான் தளர்கிறது. கண்ணுக்குப் புலனாகும் பொருள்கள் சேர்ந்து கண்ணுக்குப் புலனாகும் வேறொரு நிறத்தை உண்டாக்கின; அதில் வியப்பில்லை. காணப்படும் பொருள்கள் சேர்ந்து காண்பவனை உண்டாக்கின என்பதற்கு அது திருஷ்டாந்தமாகாது.

3. விஞ்ஞானம் இன்று நிற்குமிடம்

ஆளவந்தார் சுட்டிய இந்த இடைவெளியை இன்றைய ஆராய்ச்சியாளரும் வேறு வழியாக வந்து கண்டிருக்கின்றனர். ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1990-களில் இதனைக் கடினமான பிரச்சினை என்று பெயரிட்டு எடுத்துரைத்தார். ஒரு செந்தாமரையைக் காண்கிறோம். ஒளி கண்ணுள் புகுவதும், விழித்திரை அதனை மின்குறியாக மாற்றுவதும், நரம்பு வழியே அது மூளையின் பின்பகுதியைச் சேர்வதும் விளக்கக்கூடியவையே. இவ்வளவும் நடக்கையில், உள்ளே ஒருவனுக்குச் சிவப்பு என்னும் அநுபவம் ஏன் உண்டாக வேண்டும்? எல்லாம் இருளிலேயே நடந்து முடிந்திருக்கலாமே! கருவியின் செயலை எத்தனை நுணுக்கமாக விவரித்தாலும் இக்கேள்வி அப்படியே நிற்கிறது.

1998-இல் மூளை ஆராய்ச்சியாளர் கிறிஸ்டாஃப் கோக் இவரோடு ஒரு பந்தயம் வைத்தார். அநுபவத்துக்கு அடிப்படையான மூளைச் செயல் இன்னது என்று 25 ஆண்டுகளுக்குள் தெளிவாகக் கண்டறியப்பட்டுவிடும் என்பது அவர் பக்ஷம். 2023-இல் நியூயார்க்கில் கூடிய அறிஞர் அவையில், அது இன்னும் தெளிவாகவில்லை என்று ஒப்புக்கொண்டு கோக் பந்தயப் பொருளைக் கொடுத்தார்.

இதைக் கொண்டு ஆத்மா நிரூபணமாகிவிட்டது என்று நாம் ஆர்ப்பரிக்கலாகாது. இன்று விளங்காதது நாளை விளங்கலாம். விஞ்ஞானத்தின் அறியாமையில் ஆத்மாவுக்கு இடம் தேடினால், அறியாமை குறையக் குறைய ஆத்மாவும் குறைவதாக முடியும். அவ்வாறே, இதயம் நின்று மீண்டவர்களின் அநுபவங்களையும் சிலர் பெரிய ஆதாரமாகக் காட்டுவர். நெதர்லாந்து மருத்துவமனைகளில் அவ்வாறு மீண்ட 344 பேரை ஆராய்ந்து 2001-இல் வெளியான கட்டுரையில், 62 பேர் ஏதோ ஓர் அநுபவத்தைச் சொன்னதாகக் கண்டிருக்கிறது. இது ஆராயத்தக்கதே. ஆயினும் அவர்கள் அனைவரும் மீண்டு வந்தவர்கள். அவர்கள் மூளையும் மீண்டது. இதன்மேல் நம் விசுவாசத்தை நிறுத்த வேண்டிய அவசியம் நமக்கில்லை.

விஞ்ஞானம் உறுதியாகக் காட்டியிருப்பது ஒன்று: இவ்வுடலில் இருக்கும்வரை நம் அறிவு மூளையைச் சார்ந்தே வெளிப்படுகிறது. இதனை நம் சித்தாந்தம் மறுக்கிறதா என்பதே இனிப் பார்க்கவேண்டியது.

4. சித்தாந்தம்: நான்கு படிகள்

நம்மில் பலர் மனத்தையும் ஆத்மாவையும் ஒன்றாக எண்ணிவிடுவதே குழப்பத்துக்குக் காரணம். திருவாய்மொழி பத்தாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியில், திருமாலிருஞ்சோலை எம்பெருமான் தம் திருமேனியின்மேல் வைத்த வ்யாமோஹத்தைக் கண்ட ஆழ்வார், இப்பிரகிருதி ஸம்பந்தத்தைக் கழித்தருள வேண்டும் என்று அவனிடம் மன்றாடுகிறார். அப்பதிகத்தின் பத்தாம் பாசுரத்தில் கழிக்கவேண்டிய இருபத்துநான்கு தத்துவங்களையும் எண்ணிக் கொடுக்கிறார். அந்தக் கணக்கில் மனமும் ஒன்று. அதாவது மனம் அசித்து, பிரகிருதியின் விகாரம், ஆத்மா கைக்கொண்டிருக்கும் ஓர் இந்திரியம்.

ஆகவே நம் சித்தாந்தத்தில் நான்கு படிகள் உள்ளன. முதலாவது, மூளை உட்பட்ட ஸ்தூல சரீரம்; ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மூளையும் கையும் காலும் இவ்வகையில் ஒன்றே. இரண்டாவது, நுண்ணிய இந்திரியமான மனம், இதுவும் அசித்தே. மூன்றாவது, தர்மபூதஜ்ஞானம், ஆத்மாவின் குணமாய், மனம் இந்திரியங்கள் வழியாகச் சென்று பொருள்களை விளக்குவது. நான்காவது, தர்மியான ஆத்மா. 'நான்' என்று தனக்குத் தானே விளங்குவது.

இவற்றுள் மூன்றாவதான தர்மபூதஜ்ஞானத்துக்கு ஸங்கோசமும் விகாஸமும் உண்டு. அதாவது சுருங்குதலும் விரிதலும் உண்டு. நித்யர்க்கும் முக்தர்க்கும் அது எங்கும் பரந்திருக்கும்; ஸம்ஸாரிகளான நமக்குக் கர்மத்தாலும், கர்மத்தால் வந்த சரீரத்தாலும் சுருங்கியிருக்கும். விழிப்பில் சற்று விரியும், உறக்கத்தில் ஒடுங்கும், மூர்ச்சையில் மேலும் ஒடுங்கும். தர்மியான ஆத்ம ஸ்வரூபத்துக்கோ இந்தச் சுருக்கமும் விரிவும் இல்லை.

குடத்துள் வைத்த விளக்கு என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. குடத்தில் துளைகள் உள்ள அளவே ஒளி வெளிவரும். துளை அடைபட்டால் அவ்வழி வரும் ஒளி நின்றுபோகும். எத்துளை அடைபட்டதோ அத்திசையே இருளும். அதனால் விளக்கு அணைந்தது என்றோ, ஒளியைத் துளையே பிறப்பித்தது என்றோ சொல்லலாகாது. கேஜ் என்பவரின் குணம் மாறியதும், மொலேசனின் நினைவு நின்றுபோனதும், ஈதரால் உணர்வு ஒடுங்கியதும் சித்தாந்தத்துக்கு விரோதமல்ல. தர்மபூதஜ்ஞானம் கருவியை அபேக்ஷித்து வெளிப்படுகிறது என்பதற்கு அவை உதாரணங்களே. கருவியைச் சார்ந்து வெளிப்படுதல் வேறு. கருவியிலிருந்து பிறத்தல் வேறு. பூர்வபக்ஷி காட்டிய நிகழ்ச்சிகள் அனைத்தும் முன்னதைக் காட்டுகின்றன. பின்னதைத் தனியே நிரூபிக்கவில்லை.

மூளையை வானொலிப் பெட்டிக்கு ஒப்பிடுவோர் இன்று பலர். அவ்வுவமை ஓரளவே உதவும். வானொலியில் வரும் அலைக்குத் தன் பெட்டியைப் பற்றிய அறிவோ, அதனால் வரும் சுகதுக்கமோ இல்லை. ஆத்மாவோ ஜ்ஞாதா, கர்த்தா, போக்தா. உடலில் வலி உண்டானால் 'எனக்கு வலிக்கிறது' என்று துடிப்பவன் அவனே.

5. இரண்டு சங்கைகள்

முதற் சங்கை: ஆத்மா அணு என்றும் ஹ்ருதயத்தில் இருப்பவன் என்றும் சாஸ்திரம் சொல்கிறதே, மருத்துவர் மூளையைக் காட்டுகிறாரே, இது விரோதமன்றோ?

ஸமாதானம்: இச்சங்கையின் மூலத்தை ப்ரஹ்மஸூத்ரத்தின் இரண்டாம் அத்யாயம் மூன்றாம் பாதத்திலேயே விசாரித்திருக்கிறார்கள். ஓரிடத்தில் இருக்கும் அணுவான ஆத்மா உடல் முழுவதிலும் உண்டாகும் வேதனையை எப்படி அறிகிறான் என்பது அங்குள்ள கேள்வி. ஓரிடத்தில் உள்ள விளக்கின் ஒளி அறை முழுதும் பரவுமாப்போலே, ஆத்மாவின் ஜ்ஞானம் உடல் முழுதும் பரவும் என்பது விடை. ஆகவே ஆத்மாவின் இருப்பிடம் ஒன்றாகவும், அவன் ஜ்ஞானத்துக்குப் பெரிதும் துணையான கருவி மற்றோரிடத்திலும் இருப்பதில் முரண்பாடில்லை. அரசன் இருக்கும் அரண்மனையும், அவன் ஆணைகள் எழுதப்படும் எழுத்துச்சாலையும் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற நியமம் இல்லையே. ஹ்ருதயத்திலிருந்து புறப்படும் நூற்றொரு நாடிகளுள் ஒன்று தலையை நோக்கிச் செல்வதாகச் சாந்தோக்ய உபநிஷத்தும் கூறுகிறது.

இரண்டாம் சங்கை: ஜ்ஞானம் முழுதும் ஒடுங்கிவிட்ட நிலைக்கும் ஆத்மாவே இல்லாத நிலைக்கும் வேறுபாட்டை எதனால் அறிவது?

ஸமாதானம்: முதலில், புறத்தே காணாமை இல்லாமைக்குச் சான்றாகாது என்பதை நினைக்க வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டு, உணர்வின் அடையாளம் எதுவுமின்றி மாதக்கணக்கில் கிடந்த 23 வயதுப் பெண் ஒருவரை, கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழுவினர் மூளைப் படக் கருவியில் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பிறகு தம் வீட்டு அறைகளுக்குள் நடப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஆரோக்கியமானவர் மூளையில் எப்பகுதிகள் செயற்படுமோ அப்பகுதிகளே அவர் மூளையிலும் செயற்பட்டதை 2006-இல் வெளியிட்டார்கள். சுற்றியிருந்தோர் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. உள்ளே சொல்லைக் கேட்டு நடந்தவர் ஒருவர் இருந்தார். இதுவும் மூளையின் வழியாகவே தெரியவந்தது. ஆகையால் இதனை ஆத்மாவுக்கு நிரூபணமாகக் கொள்ளவேண்டா. படுக்கையில் கிடப்பவரைப் பற்றி அவசரமாகத் தீர்ப்புச் சொல்லலாகாது என்பதற்கு இது போதும்.

அதற்கு மேல், உக்தியால் மட்டும் இச்சங்கை முற்றும் தீராது என்பதை நம் ஆசார்யர்கள் மறைக்கவில்லை. பிள்ளை லோகாசார்யர் தத்வத்ரயத்தில், ஆத்மா தேஹம், இந்திரியம், மனம், பிராணன், புத்தி ஆகியவற்றினும் வேறானவன் என்பதற்குப் பல உக்திகளைக் காட்டுகிறார். உடல் முதலியவை 'என்னுடையவை' என்று தோன்றுகின்றன. ஆத்மா 'நான்' என்று தோன்றுகிறது. அவை ஒருகால் தோன்றி ஒருகால் தோன்றாமல் போகின்றன. 'நான்' எப்போதும் தோன்றுகிறது. அவை பல, 'நான்' ஒன்று. இவ்வாறு காட்டியபின், இந்த உக்திகளில் யாரேனும் குறை காணினும், சாஸ்திர பலத்தாலே ஆத்மா தேஹாதிகளினும் வேறானவன் என்பது நிலைபெறும் என்று முடிக்கிறார். உக்தி எதுவரை செல்லும், எங்கே சாஸ்திரத்தின் கைப்பிடிக்க வேண்டும் என்பதை வரையறுத்துக் காட்டிய நேர்மை இது.

ஆழ்வாரும் இதனையே அருளினார். எட்டாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழி ஐந்தாம் பாசுரத்தில், இத்தகையது என்று ஒன்றைச் சுட்டி ஆத்மாவை உணர்த்த இயலாது, ஆராயுந்தோறும் அது மேன்மேலும் நழுவி இந்திரிய ஜ்ஞானத்துக்கு எட்டாமல் கடந்து நிற்கும் என்கிறார். கருவியைக் கொண்டு கருவியாளனைப் பிடித்துவிட முடியாது. ஆகையால் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆத்மா அகப்படவில்லை என்று கேட்கும்போது ப்ரபந்நன் கலங்க வேண்டியதில்லை; அகப்படாது என்பதே ஆழ்வார் வாக்கு.

6. அறிவினும் அடிமையே உயிர்நிலை

இதுவரை சொன்னது ஆத்மா வேறு, மூளை வேறு என்பது. இனிச் சொல்வது இத்திருவாய்மொழியின் சாரம்.

ஆத்மாவை அடையாளம் காட்டும் முதன்மைக் குணம் எது என்ற விசாரம் எம்பெருமானார் காலத்திலேயே எழுந்தது. ஜ்ஞாத்ருத்வமா, அதாவது அறிவுடைமையா? அல்லது சேஷத்வமா, அதாவது எம்பெருமானுக்கு உரியதாய் இருத்தலா? திருக்கோட்டியூர் நம்பியினிடம் கேட்டுத் தெளிந்து வருமாறு கூரத்தாழ்வானை உடையவர் அனுப்பினார் என்றும், ஆழ்வான் நெடுநாள் அங்கே காத்துக் கிடந்து விடை பெற்றார் என்றும் வ்யாக்யானங்கள் கூறும். நம்பி காட்டிய பிரமாணம் இத்திருவாய்மொழியின் இரண்டாம் பாசுரம். அங்கே ஆழ்வார் ஆத்மாவைச் சொல்லவேண்டிய இடத்தில், அறிவுடையவன் என்றோ நான் என்றோ சொல்லாமல், 'அடியேன்' என்னும் சொல்லையே அதற்குப் பெயராக இட்டார். ஆகவே சேஷத்வமே அந்தரங்கமான அடையாளம். அறிவுடைமை அதற்கு அடுத்தது.

இந்த ஐதிஹ்யத்தின் பயனை நம் கேள்விக்கு இணைத்துப் பார்க்கவேண்டும். இன்றைய உலகம் அறிவே மனிதன் என்கிறது. அறிவு போனால் ஆள் போனான் என்று எண்ணுகிறது. உணர்வு மூளையில் பிறக்கிறதா, மூளைக்கு அப்பாலிருந்து வருகிறதா என்று வாதிடும் இரு சாராரும் இதில் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றனர். நம் ஸம்ப்ரதாயம் அதற்கும் மேலே ஒருபடி செல்கிறது. அறிவு விரியும், சுருங்கும். அடிமைத்தன்மைக்குச் சுருக்கமே இல்லை. பொன் பேழைக்குள் பூட்டப்பட்டாலும் உடையவனுடைய பொன்னே. பொன் தன்னை அறியாததனால் உடைமை மாறாது. மறதிநோயுற்ற பெரியவர் தம் மகளை மறக்கலாம், தம் பெயரை மறக்கலாம், தாம் அடியார் என்பதையும் மறக்கலாம். அவர் எம்பெருமானுடைய சொத்து என்பது அவருடைய நினைவில் இருந்த செய்தியன்று, அவருடைய ஸ்வரூபம்.

7. அந்திமக் காலத்தில் நினைப்பது யார்?

கடைசி வேளையில் எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்று கீதை எட்டாம் அத்யாயத்தில் கண்ணன் கூறியிருக்க, நினைக்கும் கருவியே கெட்டவர் என் செய்வார்?

பெரியாழ்வார் இந்த பயத்தை முன்பே கண்டார். பெரியாழ்வார் திருமொழி நாலாம் பத்தின் பத்தாம் திருமொழி முழுவதும் திருவரங்கத்துப் பெருமானிடம் செய்த ஒரு முன்விண்ணப்பம். இளைப்பும் நோயும் சூழ்ந்து அறிவு கலங்கும் அந்த வேளையில் தம்மால் அவனை நினைக்க இயலாது போகும் என்று தெளிந்து, அறிவு தெளிவாயிருக்கும் இப்போதே அதனைச் சொல்லிவைத்துவிடுகிறார். இப்படிப் பாடியவர், விஷ்ணுவைத் தம் சித்தத்தில் வைத்தவர் என்று பெயரே பெற்ற விஷ்ணுசித்தர். அவரே, தம் சித்தத்தை நம்பாமல் விஷ்ணுவை நம்பினார் என்பது நாம் கற்கவேண்டிய பாடம். குலசேகரப் பெருமாள் அருளிய முகுந்தமாலையிலும் இக்கருத்து உண்டு. வாத பித்த கபங்கள் தொண்டையை அடைக்கும்போது ஸ்மரணம் எங்கே கூடும் என்று அஞ்சி, நெஞ்சு இன்றே அவன் திருவடியில் புக வேண்டும் என்று அவர் பிரார்த்திக்கிறார்.

இதற்கு எம்பெருமானே கொடுத்த விடை வராஹ சரமசுலோகம். மனமும் உடலும் நல்ல நிலையில் இருக்கும்போது ஒருவன் தன்னை நினைத்துவிட்டால் போதும். பிற்பாடு அவன் கட்டைபோலவும் கல்போலவும் கிடக்கும் அந்திம வேளையில், அந்த பக்தனைத் தானே நினைத்துப் பரமகதிக்குக் கொண்டுசெல்வதாக வராஹப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளினார். இதன் பொருளை ஊன்றிக் கவனிக்க வேண்டும். நினைவிழந்து கிடக்கும் நிலையை எம்பெருமான் மறுக்கவில்லை. கட்டை, கல் என்றே உள்ளபடி சொல்கிறான். அப்போது நினைக்கவேண்டிய பொறுப்பை மட்டும் சேதனனிடமிருந்து எடுத்துத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறான். நம் மூளை மறக்கலாம். அவன் ஜ்ஞானத்துக்கு ஸங்கோசம் இல்லை.

ஆகவே, 'எங்கள் தகப்பனார் கடைசியில் நாராயண நாமத்தைச் சொல்லவில்லையே' என்று வருந்துவோர்க்கு நம் ஆசார்யர்கள் தரும் தேறுதல் இது: சொல்லவேண்டிய காலத்தில் அவர் சொல்லிவிட்டார், ஆசார்ய ஸம்பந்தம் பெற்றுவிட்டார், இப்போது சொல்லுகிறவன் வேறொருவன்.

8. நாம் செய்யவேண்டுவது

இந்த அர்த்தம் செயலாக மாறவேண்டும். நோயுற்ற பெரியவரை, 'நான் யார் தெரிகிறதா' என்று நாள்தோறும் பரீக்ஷை செய்யவேண்டா. 'நான் உங்கள் மகள், வந்திருக்கிறேன்' என்று நாமே சொல்லிவிடலாம். அவர் எதிரிலேயே, இவருக்கு ஒன்றும் தெரியாது என்று பேசுவது பாகவதாபசாரத்துக்கு இடமாகும். திருமண்காப்பு சாற்றிவிடுவதையும், பெருமாளைச் சேவிக்கப் பண்ணுவதையும் அவர் பதில் சொல்லாததனால் நிறுத்தவேண்டா. செவியருகே திருநாமத்தையும் பாசுரங்களையும் மெதுவாக அநுஸந்திக்கலாம். இளமையில் சந்தையாகச் சொல்லி மனப்பாடமான பாசுரங்களும் பாடல்களும், மற்றவை மறந்தபின்பும் சிலரிடம் நெடுங்காலம் தங்கியிருப்பதுண்டு. நாம் ஓரடி தொடங்க அவர் உதடு தானே அசையலாம். அசையாவிடினும் குறையில்லை. தீர்த்த ப்ரஸாதங்களை, விழுங்கும் ஆற்றல் குறைந்திருந்தால், மருத்துவர் சொன்ன அளவிலும் பக்குவத்திலும் கொடுக்க வேண்டும்.

ஆத்மா வேறு என்பதனால் மருத்துவத்தை அலட்சியம் செய்யலாகாது. திருமாலிருஞ்சோலைப் பெருமான் ஆழ்வாருடைய பிரகிருதி ஸரீரத்தின்மேலும் காதல் கொண்டான் என்பதை முன்னமே கண்டோம். அடியவர் உடலும் அவன் விரும்பும் பொருள். அதனைப் பேணுவதும் கைங்கர்யமே. இரவும் பகலும் அந்தக் கைங்கர்யத்தைச் செய்வோர் இளைப்படைவதும் இயல்பு. சுற்றத்தாரும் திருமாளிகைக்கு வரும் பாகவதர்களும் சில மணி நேரமேனும் அப்பாரத்தைப் பகிர்ந்துகொள்வது அவர்களுக்குச் செய்யும் பேருதவி.

நம்மைப் பொறுத்தவரை பெரியாழ்வார் காட்டிய வழியே வழி. கருவி நன்றாயிருக்கும் காலம் இது. நாவும் நினைவும் நம் வசத்தில் இருக்கும் இப்போதே ஆசார்யன் திருவடிகளைப் பற்றி, ஒரு பதிகமேனும் கற்று, அவனிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவைப்போம். மூளை எப்படி இயங்குகிறது என்பதை ஆராய்வோர் ஆராயட்டும். அவர்கள் கண்டு சொல்வதை நாம் அச்சமின்றிக் கேட்கலாம். அறிவு சுருங்கும் நாளிலும் சுருங்காத உறவு ஒன்றை ஆழ்வார் நமக்குக் காட்டியிருக்கிறார்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்